மலை, மூடுபனி, விடுபடல்: வாங் வூஷெங்கின் நிலக்காட்சிப் புகைப்படங்கள்

1

'என்னங்க இது, ஒரு மனுஷன்கூட இல்லையே?'

வாங் வூஷெங்கின் புகைப்படத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர் கேட்டார். தொழிற்சங்க வேலையில் இருபது வருடங்களைக் கழித்தவர். அவர் கேட்டது நியாயம்தான். பக்கத்துக்குப் பக்கம் மலை. கறுத்த பாறைமுகடு, அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் கோணல்மாணலான பைன் மரம், கீழே வெள்ளைவெளேரென்று மேகம். அவ்வளவுதான். நண்பர் விடவில்லை. 'நாடே தலைகீழாப் புரண்டுக்கிட்டிருந்தப்ப இந்த ஆள் மலைமேல ஏறி உக்காந்து பனியைப் படம் புடிச்சிருக்காரு. இதைத் தப்பிச்சு ஓடறதுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?'

இந்தக் கேள்விக்கு நம்மிடம் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, கலை காலத்தைக் கடந்தது, அதில் அரசியலைத் தேடாதே என்கிற பதில். மற்றது நண்பர் சொன்னது: மனிதனில்லாத இயற்கை என்பது தப்பித்தல்வாதம். முதல் பதிலைச் சொல்பவர்களும் இரண்டாவதைச் சொல்பவர்களும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஆளில்லாத மலைப்படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டாலும் அதன் பொருள் ஒன்றே என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவருக்கு அது எப்போதும் தெய்வீகம், மற்றவருக்கு எப்போதும் துரோகம். ஒரே மலையை முப்பது ஆண்டுகளுக்குமேல் திரும்பத் திரும்பப் படமெடுத்த ஒருவரை முன்வைத்து இந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் என் நோக்கம்.

2

முதலில் ஆளைப் பற்றி. வாங் வூஷெங் 1945இல் சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்திலுள்ள வூஹூ நகரில் பிறந்தார். ஆன்ஹுய் பல்கலைக்கழகத்தில் படித்தது பௌதிகம். பிறகு அதே மாகாணத்தில் ஒரு செய்திப் பத்திரிகைக்குப் புகைப்படக்காரரானார். அந்த வேலையில் இருந்தபோது, 1974இல், மாகாணத்தின் தென்பகுதியிலிருக்கும் ஹுவாங்ஷானில் ஏறிப் படமெடுக்கத் தொடங்கினார். ஹுவாங்ஷான் என்றால் மஞ்சள் மலை. மலை மஞ்சளாக இருப்பதால் வந்த பெயர் அல்ல இது. மஞ்சள் பேரரசர் என்ற தொன்ம மன்னரின் நினைவாக தாங் வம்சத்துப் பேரரசர் ஒருவர் 747இல் இட்ட பெயர். பெயரிடுதலிலேயே அதிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம். பின்னால் இது மறுபடியும் வரும்.

1980களின் தொடக்கத்தில் வாங் ஜப்பான் போனார், டோக்கியோவில் கலை பயின்றார், பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். ஆனால் படமெடுக்க மட்டும் அதே மலைக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தார். 1998இல் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம் அவருடைய மலைப்படங்களைக் காட்சிக்கு வைத்தது. 2005இல் அமெரிக்காவில் பெரிய தொகுப்பு ஒன்று வெளிவந்தது. கலை வரலாற்றாசிரியர் வூ ஹுங் அதில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 2018இல் வாங் காலமானார். ஒரு மலை, கறுப்பு வெள்ளை, மூடுபனி. முழு வாழ்க்கையையும் இந்த மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்போலத் தோன்றும். அடக்க முடியாது என்பதுதான் விஷயம்.

3

சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்குப் பெயர் 'ஷான்-ஷுய்', அதாவது மலை-நீர். கண்ணுக்கு எட்டிய பரப்பைச் சட்டத்துக்குள் அடைக்கிற ஐரோப்பியக் கருத்தாக்கம் அல்ல இது. அசையாததும் அசைவதும் ஒன்றையொன்று உருவாக்குகிற உறவைத்தான் இந்தப் பெயர் சொல்கிறது. தாளில் தீட்டாமல் விட்ட வெள்ளை அங்கே மேகமாகும், நீராகும், தூரமாகும். விடுபட்ட இடமும் ஓவியத்தின் பகுதி.

மஞ்சள் மலைக்கென்றே ஓர் ஓவிய மரபு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹொங்ரென், மெய் ச்சிங், ஷிதாவோ ஆகியோர் இந்த மலையைத் தம் ஓவியத்தின் மையமாக்கினார்கள். இவர்களில் ஹொங்ரென் (1610-1664) நமக்கு முக்கியம். 1644இல் மிங் ஆட்சி விழுந்தது, மஞ்சூக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். ஹொங்ரென் புதிய ஆட்சியில் எந்தப் பதவியும் தேடவில்லை. பௌத்தத் துறவியானார். வறண்ட கோடுகளால் எலும்புக்கூடு போன்ற பாறைகளை வரைந்தார். பெரும்பாலும் மனிதர்கள் இல்லாத பாறைகள். வீழ்ந்த அரசின் 'மிச்சப்பட்ட குடிகள்' என்று இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப்பெயரே அங்கே உண்டு. ஷிதாவோ அந்த வீழ்ந்த அரச குடும்பத்தில் பிறந்தவர்.

இந்தப் பின்னணியில் ஹொங்ரெனின் ஆளற்ற மலையை 'இயற்கை வர்ணனை' என்று வாசித்தால் நாம் எதையும் வாசிக்கவில்லை என்றுதான் பொருள். உன் ஆட்சியில் என் படத்துக்குள் யாரும் நடமாடமாட்டார்கள் என்கிற மறுப்பு அதில் இருக்கிறது. இன்மை இங்கே ஓர் அரசியல் கூற்று. ஆக, வாங் கேமராவோடு ஏறிய மலை வெறும் பாறை அல்ல. முந்நூறு ஆண்டுகளாக எழுதப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்த ஒரு பிரதியின் மேல்தான் அவர் ஏறினார்.

4

இனி 1974. கலாச்சாரப் புரட்சியின் எட்டாவது ஆண்டு. அன்றைய அதிகாரபூர்வக் கலைக்கு மூன்று இலக்கணங்கள்: சிவப்பாக இருக்க வேண்டும், பிரகாசமாக இருக்க வேண்டும், ஒளிவீச வேண்டும். பத்திரிகைப் புகைப்படத்துக்கும் இதுதான் விதி. சிரிக்கும் விவசாயி, நிமிர்ந்த தொழிலாளி, அடிவானத்தில் கொடி. மலையை வரையவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரையலாம். ஆனால் அதில் மின்கம்பியோ அணைக்கட்டோ செங்கொடியோ சிவப்புச் சூரியனோ இருக்க வேண்டும். மலை தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த 1974 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் ஒரு கண்காட்சி நடந்தது. ரசிப்பதற்காக அல்ல, கண்டிப்பதற்காக. 'கறுப்பு ஓவியங்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவற்றை அங்கே மாட்டிவைத்தார்கள். ஹுவாங் யோங்யூ வரைந்த, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஆந்தை அங்கே இருந்தது. சோஷலிசத்தை அரைக்கண்ணால் பார்க்கிறதாம். மைக்கறுப்பில் மலைகளைத் தீட்டும் லி கெரானின் ஓவியமும் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஓவியங்களில் பலவற்றைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெளிநாட்டு விருந்தினர் தங்கும் ஓட்டல்களின் சுவர்களுக்காக அரசே கேட்டு வாங்கியிருந்தது. வரையச் சொன்னதும் அரசு, கறுப்பு என்று சொன்னதும் அரசு. கறுப்பு என்பது அன்று ஒரு நிறம் அல்ல, குற்றச்சாட்டு.

அதே ஆண்டில் இருபத்தொன்பது வயதுச் செய்திப் புகைப்படக்காரர் ஒருவர், கொடியும் இல்லாமல் சூரியனும் இல்லாமல், கன்னங்கரேலென்ற மலைகளைப் படமெடுக்கத் தொடங்குகிறார். இதை வீரம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அறிக்கை எதுவும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு சட்டமும் எதனால் நிரப்பப்பட வேண்டும் என்று விதி இருக்கும்போது, நிரப்பாமல் விடுவது ஒரு செயல். வழக்கமாக அதிகாரத்தை எதிர்ப்பது என்றால் அதிகாரம் மறைத்ததைக் காட்டுவது என்று நினைக்கிறோம். அதிகாரம் காட்டச் சொன்னதைக் காட்டாமல் இருப்பதும் எதிர்ப்புதான். நண்பர் இதை யோசிக்கவில்லை.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மாவோ இறந்த பிறகு, 1979 ஏப்ரலில், 'ஏப்ரல் புகைப்படக் குழு' என்ற இளைஞர்கள் பெய்ஜிங் பூங்கா ஒன்றில் தங்கள் படங்களைத் தொங்கவிட்டார்கள். 1976இல் தியானன்மென் சதுக்கத்தில் ஆட்சியாளர்களுக்கெதிராக மக்கள் கூடியதை ரகசியமாகப் படம்பிடித்தவர்கள் அக்குழுவில் இருந்தார்கள். அவர்கள் கண்காட்சிக்கு வைத்த பெயர் 'இயற்கை, சமூகம், மனிதர்'. இயற்கைதான் முதல் சொல். தெருவில் இறங்கிப் படமெடுத்தவர்களுக்கே பூவையும் நிழலையும் படமெடுப்பது ஒரு விடுதலையாக இருந்திருக்கிறது.

5

படம் எப்படி உருவாகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் கருத்தியல் அங்கேயும் வேலை செய்கிறது.

மழை ஓய்ந்த பிறகு ஈரக்காற்று குளிர்ந்து, பள்ளத்தாக்குகளில் மேகம் தேங்குகிறது. மிக உயரமான தாமரை முகடு 1864 மீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே கடலாகக் கிடக்கும். வெள்ளை மேகத்தின் ஒளி பல மடங்கு அதிகம், எதிரொளியில் நிற்கும் பாறை இருட்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் ஃபிலிமால் சமமாகப் பிடிக்க முடியாது. மேகத்துக்கு அளவு வைத்தால் பாறை கறுத்துப்போகும், பாறையின் சொரசொரப்பு, விரிசல், அதில் செதுக்கிய படி எல்லாம் அந்தக் கறுப்புக்குள் கரைந்துவிடும். பௌதிகம் படித்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறை வெறும் விளிம்பாகிறது, கறுப்பு நிழலுருவாகிறது.

வாங் பிறந்த வூஹூ நகரம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இரும்புப் படங்களுக்குப் பேர்போனது. கொல்லர்கள் இரும்பைத் தட்டிக் கிளையாகவும் இலையாகவும் பாறையாகவும் வளைத்து, வெள்ளைப் பின்னணியில் பொருத்துவார்கள். இது தாக்கம் என்று நிறுவுவது என் வேலையல்ல. ஆனால் வெள்ளைக்கு முன்னால் நிற்கும் கறுப்பு விளிம்பு அந்த ஊரில் ஒரு கண்பழக்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சள் மலையின் 'விருந்தினரை வரவேற்கும் பைன்' மரத்தின் மாபெரும் இரும்புப்படம் ஒன்று பெய்ஜிங்கின் மக்கள் மாமண்டபத்தில் இருக்கிறது. அதன் முன்னால் தலைவர்கள் விருந்தினரோடு நின்று படமெடுத்துக்கொள்வார்கள். அதே மலையின் பைன், அதே கறுப்பு விளிம்பு, அங்கே அரசின் பின்திரை. ஆகவே வடிவம் தன்னளவில் கலகமும் அல்ல, பணிவும் அல்ல.

இப்போது மூடுபனிக்கு வருவோம். மூத்தவரான லாங் ஜிங்ஷான் (1892-1995) பல நெகடிவ்களை இருட்டறையில் ஒன்றுசேர்த்து, இல்லாத மலைக்காட்சிகளை ஓவிய இலக்கணப்படி உருவாக்கியவர். வாங்கின் வழி வேறு. அவர் பனிக்காகக் காத்திருந்தார். பனி நிஜம். ஆனால் அந்த நிஜப் பனி எதை மூடுகிறது? மேகம் தேங்குவது பள்ளத்தில். கிராமம், தேயிலைத் தோட்டம், சாலை, பேருந்து நிலையம் எல்லாம் இருப்பதும் பள்ளத்தில்தான். மலைச்சரிவில் செதுக்கிய கல்படிகள், அவற்றில் ஏறி வருகிறவர்கள், அவர்களும் பனிக்கு அடியில். அதாவது மனிதர்கள் வாழும் அடுக்கை மட்டும் துல்லியமாக அழித்துவிட்டு முகடுகளை மட்டும் மிதக்கவிடுகிறது மூடுபனி. புகைப்படக்காரர் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. எந்த நேரத்தில் ஷட்டரை அழுத்துவது என்று மட்டும் முடிவு செய்கிறார். விடுபடல் நடந்துவிடுகிறது.

6

1979 ஜூலையில் மஞ்சள் மலையில் இன்னொருவர் ஏறினார். டெங் சியாவோபிங். எழுபத்தைந்து வயதை நெருங்கியவர் கால்நடையாகவே ஏறினார். ஏறி முடித்து உள்ளூர் அதிகாரிகளிடம் பேசினார். இந்த மலையை வைத்துச் சுற்றுலாவை வளருங்கள், இதன் பெயரை உலகமறியச் செய்யுங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். சீனச் சுற்றுலாத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தப் பேச்சைத் தவறாமல் சொல்வார்கள்.

பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. 1986இல் மலைக்குக் கம்பிவடப் பெட்டி வந்தது. 1990இல் யுனெஸ்கோ மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் ஓட்டல்கள். இதற்கிடையில், 1987இல் நடந்த ஒன்றை நாம் விட்டுவிடக் கூடாது. மலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஹுயிஜோவ் என்று பெயர். வணிகர்களுக்கும் மர அச்சுக்கும் பைன் கரியில் செய்த மைக்கட்டிக்கும் பேர்போன, பல நூற்றாண்டுப் பழமையுள்ள பெயர். மாகாணத்தின் பெயரான ஆன்ஹுயில் இருக்கும் 'ஹுய்'யே அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பெயரை எடுத்துவிட்டு முழுப் பகுதிக்கும் 'ஹுவாங்ஷான் மாநகர்' என்று பெயர் வைத்தார்கள். மலை விற்கும், ஊர் விற்காது என்கிற கணக்கு. பழைய பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்று அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பள்ளத்தில் வாழ்பவர்களை மறைத்து முகட்டை மட்டும் மிதக்கவிடுவது, பார்த்தீர்களா, இப்போது நிர்வாக ஆணையாகவும் வந்துவிட்டது.

உச்சியிலிருக்கும் ஓட்டல்களுக்கு அரிசியும் காய்கறியும் படுக்கை விரிப்பும் எப்படிப் போகின்றன? காவடித்தண்டின் இரு முனைகளிலும் சுமையைக் கட்டித் தோளில் வைத்து, படிப்படியாக ஏறும் சுமைதூக்கிகளால். கம்பிவடம் வந்த பிறகும் அவர்கள் இருந்தார்கள். மஞ்சள் மலைக்குப் போன எந்தச் சுற்றுலாப் பயணியும் அவர்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வாங்கின் புகழ்பெற்ற படங்களில் அவர்களைப் பார்க்க முடியாது.

இங்கேதான் நான் வாங்கோடு முரண்படுகிறேன். 1974இல் அவர் சட்டத்துக்குள் அனுமதிக்காமல் விட்டவை அரசு திணித்த கொடியும் சிரிப்பும். 2004இல் அதே கைப்பழக்கத்தால் விடுபட்டுப்போகிறவர்கள் சுமைதூக்கிகள். விடும் முறை அதேதான், விடுபடுவோர் மாறிவிட்டார்கள். முதலில் மறுப்பாக இருந்தது பின்னால் ஓட்டல் வரவேற்பறைக்கு ஏற்ற அழகாகிறது. படம் கெட்டுவிடவில்லை. படம் மாறவே இல்லை, அதுதான் சிக்கல். வெளியே ஆண்டு மாறிவிட்டது.

மேற்கின் வரவேற்பும் இதற்குத் துணைபோயிற்று. 'காலங்கடந்த சீனா', 'தியானம்', 'கீழை ஞானம்' என்றெல்லாம் இந்தப் படங்களை வியப்பது எளிது. எட்வர்ட் சயீத் 1978இலேயே சொல்லிவிட்டார்: கீழைத்தேயத்தை வரலாறில்லாத இடமாகக் கட்டுவது ஆதிக்கத்தின் ஒரு வேலைமுறை. கலாச்சாரப் புரட்சியின் நடுவில் எடுத்த படத்தையும் கம்பிவடம் ஓடும் காலத்தில் எடுத்த படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டுமே 'என்றென்றும்' என்று சொல்வதைவிட வசதியான வாசிப்பு வேறென்ன இருக்க முடியும்?

7

ஆனால் வாங் தன் படங்களுக்கு இட்ட தலைப்புகளைப் பாருங்கள். எந்த முகடு, எந்த இடத்தில் நின்று எடுத்தது, எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை மணி என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். ஒரு படத்தின் கீழே இருப்பது 2004 டிசம்பர், காலை 10 மணி. செய்திப் புகைப்படக்காரரின் பழக்கம் போகவில்லை. நிரந்தரத்தைத் தேடியவர் மணிக்கணக்கு எழுதிவைத்திருக்கிறார்! விமரிசகர்கள் இந்தத் தலைப்புகளைப் படத்துக்கு வெளியே இருப்பதாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவை பிரதியின் பகுதி. நின்ற இடத்தின் பெயரை எழுதியதும், அங்கே ஒருவர் நிற்பதற்குத் தளமும் ஏறி வரப் படியும் யாரோ அமைத்திருக்கிறார்கள் என்பது உள்ளே வந்துவிடுகிறது. ஆண்டை எழுதியதும் வரலாறு உள்ளே வந்துவிடுகிறது. படம் மறைத்ததைத் தலைப்பு காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த தலைமுறை இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பெய்ஜிங்கில் 1967இல் பிறந்த யாவ் லூவின் படங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பனி சூழ்ந்த பச்சை மலைகள், பழைய ஓவியம் போலவே முத்திரைகள். கிட்டே போனால் அவை மலைகள் அல்ல. இடித்த கட்டடங்களின் குப்பைமேடுகள். தூசி பறக்காமலிருக்கப் போர்த்திய பச்சை வலைதான் மலையின் பசுமை. நடுவில் கட்டட வேலைக்காரர்கள். 2008இல் பாரிஸில் அவருக்கு ஒரு முக்கியப் புகைப்படப் பரிசு கிடைத்தது. ஷாங்ஹாயில் 1980இல் பிறந்து சிறுவயதிலேயே மை ஓவியம் கற்ற யாங் யோங்லியாங், அடுக்குமாடிகளையும் கிரேன்களையும் மின்கோபுரங்களையும் கணினியில் அடுக்கி மலை-நீர் ஓவியமாக்குகிறார். பைன் மரம் நிற்க வேண்டிய இடத்தில் மின்கோபுரம் நிற்கிறது. வாங்கின் பனி மூடியதை இவர்கள் மலையாகவே குவித்துவிட்டார்கள்.

அப்படியானால் இவர்கள் முற்போக்கு, வாங் பிற்போக்கு என்று முடித்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். தூரத்தில் அழகு, கிட்டத்தில் அதிர்ச்சி என்ற உத்திக்கும் ஓர் ஆயுள் உண்டு. இருபதாவது படத்தில் நாம் அதிர்ச்சியை எதிர்பார்த்துக்கொண்டே கிட்டே போகிறோம். குப்பைமேட்டுப் படமும் சேகரிப்பாளர் வீட்டுச் சுவரில் அழகாகத் தொங்கும். யாவ் லூவின் படத்துக்கும் தேதி உண்டு. ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங் இடித்துக் கட்டப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பச்சை வலைக்கு இருந்த கூர்மை என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நண்பரிடம் சொன்னேன்: 'மனுஷன் இல்லைங்கறது சரி. ஆனா எந்த வருஷத்துல இல்லைன்னு பாருங்க.' அவர் மறுபடியும் பக்கங்களைப் புரட்டினார். இந்தத் தடவை படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழேயிருந்த தேதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, 'அப்ப இந்தப் பிந்தின படத்துக்கெல்லாம் நான் சொன்னது பொருந்தும்தானே?' என்று கேட்டார். பொருந்தும் என்றேன்.